கை மாறி ஆடியவர்கள்

மதுரை மாநகரில் ஆலவாய் அண்ணலின் திருக்கோயிலில் வெள்ளியம்பலம் என்னும் சபை ஒன்று உண்டு. தில்லையில் கூத்தப்பெருமான் வலத் திருவடியை ஊன்றி இடத் திருவடியைத் தூக்கி ஆடுகின்றார். மதுரையிலோ இடத் திருவடியை ஊன்றி வலத் திருவடியைத் தூக்கி ஆடுகின்றார். இதன் காரணத்தைத் திருவிளையாடற் புராணம் ஒரு தனிப் படலத்தில் கூறுகின்றது. இராசசேகரன் என்னும் பாண்டிய மன்னன் ஏனைய கலைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்து, இறுதியாக ஆடற்கலையையும் பயிலத் தொடங்கினான். பயின்ற பொழுதுதான் அக்கலை உடலுக்கு எத்துணை வருத்தம் தருவது என்பது அவனுக்குப் புலனாயிற்று. ஊழி ஊழியாக ஒரே காலை ஊன்றி ஆடும் இறைவனின் திருவடி எவ்வளவு நோகும் என்று எண்ணி நெஞ்சுருகினான். கால் மாறி ஆடியருளாவிடில் வாளின்மேல் வீழ்ந்து உயிர் விடுவேன் என்று வேண்டினான். இறைவனும் கால் மாறி ஆடினான்.

இக்கதையில் நாம் கொள்ளத்தக்க கருத்துகள் இரண்டு. மாறி ஆடுவது குறையாகாது என்பது ஒன்று. மாறி ஆடுவதன் அருமையைத் தானே பயின்றவன்தான் அறிவான் என்பது மற்றொன்று. கால் மாறி ஆடிய இறைவனைப் போற்றும் நாம், கை மாறி ஆடிய மனிதர் சிலரின் வரலாற்றையும் அறிந்து கொள்வது நன்று. அதற்குப் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் எனப் பல பெயர்களால் வழங்கும் மேசைப்பந்து விளையாட்டை ஈண்டு எடுத்துக் கொள்கின்றோம். இவ்விளையாட்டின் வரலாற்றில் நாம் பிறந்த தமிழகத்திற்கும் பங்குண்டு. நாம் வாழும் புனே மாவட்டத்திற்கும் பங்குண்டு என்பதே அதற்குக் காரணம்.

உதகையில் எழுதிய விதிகள்

பூல் என்பது பலர் கூடிப் பணயம் வைத்து ஆடிய பந்தாட்டங்களின் பொதுப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள், மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாதபொழுது, இவ்வகை ஆட்டங்களில் பொழுதைக் கழித்தனர். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூர்ப் படைவீடு ஒன்றில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி, வழக்கமான பூல் ஆட்டத்தில் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு. படைக்கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவரைக் கேலியாக அழைக்கும் சொல் ஸ்நூக்கர் என்பது. எளிய பந்தைத் தவறவிட்ட நண்பரை அவர் அச்சொல்லால் அழைக்க, அதுவே விளையாட்டின் பெயராக நிலைத்துவிட்டது.

சேம்பர்லின் பின்னர்ச் சென்னைப் படையின் தளபதி சர் பிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்ற வந்தார். கோடைக்காலத்தில் படைத் தலைமை உதகமண்டலம் செல்லும். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் 1882-ஆம் ஆண்டில் ஸ்நூக்கர் விதிகள் வரையறுத்து எழுதப்பட்டுச் சுவரில் வைக்கப்பட்டன. இன்று உலக முழுவதும் ஆடப்படும் ஸ்நூக்கர், நீலகிரி மலையில் விதி பெற்ற விளையாட்டு என்பது தமிழர் பலர் அறியாத செய்தியாகும்.

அந்நாளில் அந்த அறைக்குள் இந்தியர் ஆடச் செல்ல இயலாது, ஏவலராகவே செல்லலாம். ஆயினும் காலம் மாறிற்று. பெரிய இரயில்வே குடியிருப்புகளின் இன்ஸ்டிடியூட்டுகளில் பில்லியர்ட்ஸ் மேசைகள் இருந்தன. நகரங்களில் கட்டணம் செலுத்தி ஆடும் கூடங்களும் தோன்றின. புனே நகரில் 1922-ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலோ-இந்தியரான வில்சன் ஜோன்ஸ், 1950-ஆம் ஆண்டில் தேசியப் பில்லியர்ட்ஸ் பட்டத்தை முதன்முறை வென்றார்; அப்பட்டத்தைப் பன்னிருமுறை பெற்றார். 1958-இல் கல்கத்தாவிலும் 1964-இல் நியூசிலாந்திலும் நடைபெற்ற போட்டிகளில் தொழில்முறை சாரா உலகப் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். சுதந்திர இந்தியாவிற்கு உலகப் பட்டம் ஒன்றைத் தனி ஒருவராக முதலில் ஈட்டித் தந்தவர் அவரே. இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்ற பங்கஜ் அத்வானியும் 1985-இல் புனேயில் பிறந்தவர்தாம்.

வில்சன் ஜோன்ஸுக்கு அருச்சுனன் பெயரால் அமைந்த அரசு விருது வழங்கப்பட்டது. அருச்சுனனுக்குப் பெயர்கள் பல. அவற்றுள் சவ்வியசாசி என்பது, இடக்கையாலும் வலக்கையாலும் ஒப்ப நாணேற்றி அம்பு தொடுப்பவன் எனப் பொருள்படும். 1961-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வீரர்களுக்கு வழங்கப்பெறும் சிறப்பு, இரு கையும் வல்லவன் ஒருவன் பெயரால் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இரண்டாம் கை ஏன் வேண்டும்?

ஸ்நூக்கர் மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. ஆடுபவரின் ஒரு காலேனும் தரையில் பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. வலக்கையால் ஆடுபவர் மேசையின் ஒரு பக்கத்தில் நிற்கும்பொழுது சில பந்துகள் அவருக்கு எட்டா. அவற்றிற்காகத் தலைப்பில் கவர் பொருத்திய தாங்குகோல் ஒன்றினைப் பயன்படுத்துவர். தன் கையின்மேல் கோலை வைத்து ஆடுவதில் உள்ள உறுதி தாங்குகோலில் கிடைப்பதில்லை. அந்நேரத்தில் கோலை இடக்கைக்கு மாற்றி ஆட வல்லவருக்குத் தாங்குகோலே வேண்டுவதில்லை. கை மாற்றும் பழக்கம் இவ்வாறு தேவையில் தோன்றியது.

இதனைச் செய்து பார்த்தவர்க்கே இதன் கடுமை தெரியும். வலக்கை ஆட்டக்காரரின் இடக்கை மேசைமேல் ஊன்றி, விரல்களை விரித்துக் கோலுக்குப் பாலமாக நிற்கின்றது. வலக்கை கோலைச் செலுத்துகின்றது. கை மாற்றும்பொழுது இதுகாறும் ஏவல் செய்த கை தலைமை ஏற்க வேண்டும்; தலைமை தாங்கிய கை அசையாது நின்று ஏவல் செய்யக் கற்க வேண்டும். பின்னது முன்னதினும் அரிது. நிற்கும் நிலை மாறுகின்றது, முன்கால் பின்காலாகின்றது. கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். பெரும்பாலோர்க்குக் குறி பார்ப்பதில் ஒரு கண்ணே முதன்மை வகிக்கும். 1927 முதல் 1946 வரை நடந்த பதினைந்து உலக ஸ்நூக்கர் போட்டிகளிலும் வென்ற ஆங்கிலேயரான ஜோ டேவிசுக்கு வலக்கண் பார்வை மிகக் குறைவு. அதனால் கோல் தம் இடக்கண்ணின்கீழ் ஓடும்படி நிலையை அமைத்துக் கொண்டார். எனவே, கை மாறுவது என்பது உடல் முழுவதும் புதிதாய்ப் பாடம் கேட்பதாகும்.

விரல் இழந்த சிறுவன்

இவ்விளையாட்டின் வரலாற்றில் தலைசிறந்தவர் எனப் பலரும் போற்றும் வால்டர் லிண்ட்ரம், ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி என்னும் தங்கச் சுரங்க நகரில் 1898-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் குடும்பமே பில்லியர்ட்ஸ் குடும்பம். மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபொழுது நேர்ந்த விபத்தில் அவரது வலக்கைச் சுட்டுவிரலின் நுனி போயிற்று. கோலைச் செலுத்தும் கையில் சுட்டுவிரல் நுனி இல்லையெனில் இவ்விளையாட்டே வேண்டாம் என்று வேறொரு தந்தை முடிவு செய்திருக்கலாம். லிண்ட்ரமின் தந்தையோ கோலை மகனின் இடக்கையில் கொடுத்தார். நாள்தோறும் நெடுநேரம் பயிலச் செய்தார்.

1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனில் ஜோ டேவிசுடன் ஆடிய ஆட்டத்தில் லிண்ட்ரம் தொடர்ந்து ஒரே முறையில் 4,137 புள்ளிகள் எடுத்தார். அவர் கோலை வைக்கும் வரையில் எதிராளி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய திறமைக்கு அணை போடும் பொருட்டு ஆட்ட விதிகளையே மாற்றினர். மாற்றிய விதியின்கீழும் அவரே வென்றார். 1933-இல் பெற்ற உலகப் பட்டத்தை, 1950-இல் ஓய்வு பெறும் வரையில் எவரும் அவரிடமிருந்து பறிக்க இயலவில்லை. 1960-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், மெல்போர்னில் அவர் கல்லறையைப் பில்லியர்ட்ஸ் மேசையின் வடிவிலேயே அமைத்தனர்.

ஏளனமா, கலையா?

லிண்ட்ரம் தேவையால் கை மாறியவர். திறமையின் மிகுதியால் கை மாறியவரும் உளர். இங்கிலாந்தைச் சேர்ந்த ரோனி ஓ'சல்லிவன் இயல்பில் வலக்கையர். 1996-ஆம் ஆண்டு உலகப் போட்டியின் முதற்சுற்றில், கனடா நாட்டு அலைன் ரோபிடூவுடன் ஆடும்பொழுது, பல பந்துகளை இடக்கையால் அடித்தார். தம்மை ஏளனம் செய்வதாகக் கருதிய ரோபிடூ, ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க மறுத்துவிட்டார். ஓ'சல்லிவனோ, அவரது வலக்கையினும் தம் இடக்கை வல்லது என்று கூறிவிட்டார். செய்தி விளையாட்டுச் சங்கத்தின் ஒழுங்கு விசாரணைக்குச் சென்றது. ஓ'சல்லிவனின் இடக்கை மெய்யாகவே வல்லதுதானா என்று சோதிக்கும் பொருட்டு, முன்னாள் உலகப் பில்லியர்ட்ஸ் வீரர் ரெக்ஸ் வில்லியம்சுடன் மூன்று ஆட்டங்கள் இடக்கையால் ஆடச் செய்தனர். மூன்றிலும் அவரே வென்றார். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அவர் ஏழுமுறை உலகப் பட்டம் வென்றார். அவரது இடக்கை ஆட்டத்தைக் கண்டு இன்று எவரும் சினங்கொள்வதில்லை.

இதில் ரோபிடூவின் மனவருத்தத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. இரண்டாம் கையால் ஆடுவது என்றால் விளையாட்டாக ஆடுவது என்பதே உலகின் எண்ணமாக இருந்தது. இடக்கையும் உழைத்துக் கற்ற கையே என்பதை விசாரணை வைத்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் இவ்வாறு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1981-82 ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் பம்பாய் அணி பெங்களூரில் கர்நாடகத்தை எதிர்த்து ஆடியது. சுழலும் ஆடுகளத்தில் இடக்கைப் பந்து வீச்சாளர் ரகுராம் பட்டின் பந்துகள் வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகித் திரும்பின. சுனில் கவாஸ்கர் அவரது பந்துகளை இடக்கை ஆட்டக்காரராக நின்று தடுத்தாடினார். ஆட்டமிழக்காது நின்று அணியை முழுத் தோல்வியினின்று காத்தார். முதலாட்ட முன்னிலையால் கர்நாடகமே இறுதியாட்டத்திற்குச் சென்றது என்றாலும், பம்பாய் வீழவில்லை. சௌரவ் கங்கூலி இயல்பில் வலக்கையர். தம் தமையனாரின் இடக்கை விளையாட்டுக் கருவிகளே வீட்டில் இருந்தமையால், இடக்கையால் மட்டையாடப் பழகினார். நம் இல்லங்களில் அண்ணன் சட்டையைத் தம்பி அணிவதைப் போன்றதே இது!

வெடித்த கையும் வென்ற கையும்

இன்னொருவர் வரலாறு பில்லியர்ட்ஸுக்குப் புறத்தே உள்ளது. எனினும் அவரை விட்டுவிட்டு இக்கட்டுரையை முடிக்க இயலாது. அங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாக்ஸ் கைத்துப்பாக்கி சுடுவதில் நாட்டின் தலைசிறந்தோருள் ஒருவர். 1938-ஆம் ஆண்டில் படைப் பயிற்சியின்பொழுது பழுதுற்ற எறிகுண்டு ஒன்று அவரது வலக்கையிலேயே வெடித்தது. சுடும் கை போயிற்று. மருத்துவமனையில் ஒரு திங்கள் இருந்தார். வெளியே வந்ததும் எவரிடமும் சொல்லாது இடக்கையால் சுடப் பயின்றார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டிக்கு அவர் வந்தபொழுது, ஆறுதலாகப் பார்வையிட வந்துள்ளார் என்றே தோழர்கள் எண்ணினர். அவரோ போட்டியிட்டு வென்றார்.

உலகப் போரினால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948-இல் இலண்டனில் நடந்தபொழுது தகாக்ஸுக்கு வயது முப்பத்தெட்டு. அங்கே எதற்கு வந்தீர் என வினவிய அர்ஜென்டினா வீரரிடம், கற்றுக்கொள்ள வந்தேன் என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். உலகச் சாதனையுடன் தங்கப் பதக்கம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கியிலும் மீண்டும் தங்கம் வென்றார்.

ஒரு கை கற்றது மறு கைக்கும்

இத்தகைய மாற்றம் எங்ஙனம் இயல்கின்றது? வலக்கையை மூளையின் இடப்பாதியும் இடக்கையை வலப்பாதியும் பெரிதும் இயக்குகின்றன. ஆயினும் இரு பாதிகளும் நரம்புப் பாலத்தால் இணைந்துள்ளன. 1894-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் மாணவியரும் ஒரு சோதனை செய்தனர். ஒரு கைக்கு மட்டும் பல நாள் பயிற்சி அளித்தனர். இறுதியில் அளந்து பார்த்தபொழுது, பயிலாதிருந்த மறு கையும் ஓரளவு வலிமையும் திருத்தமும் பெற்றிருந்தது. அதன்பின் வந்த ஆய்வாளர்களும் இதனை உறுதி செய்துள்ளனர். இரண்டாம் கை வெறுங்கையாகத் தொடங்குவதில்லை. முதற்கையின் கல்வியில் ஒரு பங்கினைச் சீதனமாகப் பெற்றே தொடங்குகின்றது. எஞ்சியதைப் பயிற்சியே தர வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தானே விரும்பியோ தேவையுணர்ந்தோ கை மாறுவது வேறு. பிறர் அடித்து மாற்றுவது வேறு. உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையராகப் பிறக்கின்றனர். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இயல்பில் இடக்கையர். சிறு பருவத்தில் வலக்கையால் எழுதும்படி அவரை வற்புறுத்தினர்; அவர் திக்குவாயாலும் நெடுங்காலம் துன்புற்றார். சச்சின் டெண்டுல்கர் வலக்கையால் மட்டையாடுபவர், எழுதுவதோ இடக்கையால். அவர் கைகளை அவற்றின் போக்கில் விட்டதால் எவருக்கும் இழப்பு நேரவில்லை. நம் வீடுகளில் உண்ணும் கைக்குச் சோற்றுக்கை என்று பெயர் வைத்து, மறு கையைத் தாழ்வாகப் பேசுகின்றோம். கோலம் போடும் சிறுமி இடக்கையால் புள்ளி வைத்தால் மணிக்கட்டில் தட்டுகின்றோம். கூத்தன் தூக்கிய திருவடியும் இடத் திருவடி. உமையம்மை அமர்ந்த பாகமும் இடப்பாகம் என்பதை அப்பொழுது மறந்து விடுகின்றோம்.

சாகணில் வாழும் நமக்கு

நாம் வாழும் சாகண், கை இழந்தவர் கதைக்குப் புதியதன்று. இங்குள்ள சங்கிராம துர்க்கம் என்னும் கோட்டையை 1660-ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சாயிஸ்தகான் முற்றுகையிட்டான். சிவாஜி மன்னரின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாலா சிறு படையுடன் ஐம்பது நாட்களுக்கு மேல் எதிர்த்து நின்றார். கோட்டையை வென்ற அதே சாயிஸ்தகான், 1663-இல் புனே லால் மகாலில் சிவாஜி நடத்திய இரவுத் தாக்குதலில் தன் கைவிரல்களை இழந்து தப்பினான். அவமானப்பட்டு வங்காளத்திற்கு அனுப்பப்பட்ட அவன், அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தான். பகைவன் வரலாறாயினும், விரல் போனதோடு வாழ்வு போகவில்லை என்பதற்கு அதுவும் சான்றாகும்.

இன்று சாகணில் வாள் இல்லை, இயந்திரங்கள் உள்ளன. வண்டித் தொழிற்சாலைகளையும் அவற்றிற்கு உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளையும் நாடி நம் இளைஞர் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சேர்கின்றனர். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரங்களில் விரல் இழந்த தொழிலாளரை இப்பகுதியில் யாவரும் கண்டிருப்பர். விபத்து நேராது காப்பதே முதற்கடமை. இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்து வேலை வாங்குவதை எவரும் பொறுத்துக் கொள்ளலாகாது. ஈ.எஸ்.ஐ. உதவித் தொகை கிடைக்கும். அதனைக் கேட்டுப் பெறுவது உரிமை. ஆனால் தொகை குடும்பத்தைத் தாங்கும், கையைக் கற்பிக்காது. அடிபட்டு ஊர் திரும்பி, இனி நான் எதற்கு என்று திண்ணையில் அமர்ந்துவிடும் இளைஞனிடம் லிண்ட்ரமின் தந்தை செய்ததை யாரேனும் செய்ய வேண்டும். பேனாவையும் திருப்புளியையும் அவன் மறு கையில் கொடுத்து, முதல் மாதம் கோணலாகத்தான் வரும், அதனால் என்ன, என்று அருகே அமர்ந்திருக்க வேண்டும். அவ்விடத்தில் நிற்க வேண்டியது உற்றாரும் நண்பரும் நம் சங்கமுமே.

மற்றொன்றும் கூறி நிறைவு செய்கின்றோம். தாய்மொழி நம் முதற்கை. இங்கு வந்தபின் மராத்தியை இரண்டாம் கையாகப் பழகுகின்றோம். சந்தையில் வெங்காயம் வாங்கவும் பள்ளியில் ஆசிரியரிடம் பேசவும் அக்கை வேண்டும். தொடக்கத்தில் கோணலாகவே வரும், சிலர் நகைப்பர். தமிழில் திருந்திய நாவு அந்தத் திருத்தத்தில் ஒரு பங்கினை மராத்திக்கும் கொடுக்கும். மராத்தி பழகியதால் தமிழ் குறைந்துவிடாது. கோலைக் கை மாற்றும்பொழுது முதற்கை ஓய்ந்து போவதில்லை. பாலமாக நின்று மறு கையைத் தாங்குகின்றது. நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் அவ்வாறு நின்று தாங்குமாறு செய்வது நம் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!